மெட்டர்னிக்கும் காலமும்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய சரித்திரத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர் தேசபக்தர்களின் பக்கம் நின்று எழுதியவர்கள். ஆகையால், அந்தத் தேசபக்தர்களைச் சிறையிலிட்டும், பத்திரிகைகளின் வாயை அடைத்தும், பிறர் கடிதங்களைப் பிரித்துப் படித்தும் ஆட்சி நடத்திய ஆஸ்திரிய மந்திரி கிளெமென்ஸ் மெட்டர்னிக், அவர்களுடைய ஏடுகளில் நாடகத்துக் கொடியவனாகவே வந்து போகிறார். இரண்டு மகாயுத்தங்களைப் பார்த்த பின் வந்த சரித்திராசிரியர்கள் சிலரோ, ஐரோப்பிய வல்லரசுகள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் ஒன்றோடொன்று மோதாதபடி காத்த ஏற்பாட்டுக்குக் கர்த்தா என்று அவரையே ஒரு சாந்திதூதராக்கிவிட்டார்கள். இவ்விரண்டு சித்திரங்களும் ஒரே மனிதருடைய வெவ்வேறு பருவங்களைப் பார்த்து வரையப்பட்டவை என்பது என் அபிப்பிராயம். 1809 முதல் 1815 வரையில் காலத்தின் அருமையை அவரைப் போல் அறிந்து உபயோகித்த ராஜதந்திரி ஐரோப்பாவில் வேறு எவரும் இல்லை; அதன் பிறகு முப்பத்துமூன்று ஆண்டுகள் அதே மனிதர் காலத்தை நகரவொட்டாமல் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அந்தத் திறமை எப்படி இந்தப் பிடிவாதமாக மாறிற்று என்பதைத்தான் இன்று கொஞ்சம் ஆராய விரும்புகிறேன்.

அவரை ஆஸ்திரியர் என்று சொல்லுவது உத்தியோகத்தை வைத்துத்தான். அவர் பிறந்தது 1773-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி, ரைன் நதியும் மோஸெல் நதியும் கூடுகிற கொப்ளென்ஸ் நகரத்தில், பழமையான ஒரு பிரபு குடும்பத்தில். பிறப்பால் ஜெர்மானியராயினும், பிரெஞ்சு மொழியிலேயே அவருக்குச் சரளம் அதிகம். 1788-ல் ஸ்ட்ராஸ்புர்க் சர்வகலாசாலையில் சேர்ந்தார். மறு வருஷம் ஜூலையில், பாஸ்டில் கோட்டை விழுந்த செய்தி எட்டிய சில தினங்களுக்குள், அந்நகரத்து ஜனங்கள் நகரசபை மாளிகைக்குள் புகுந்து சூறையாடியதைப் பதினாறு வயதில் கண்ணால் பார்த்தார். அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரே புரட்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். 1794-ல் பிரெஞ்சுப் படைகள் ரைன் நதியின் இடது கரையைப் பிடித்துக்கொண்டபோது பரம்பரை நிலங்கள் பறிபோயின. குடும்பம் வியன்னாவில் வந்து தஞ்சம் புகுந்தது. புரட்சியைப் புத்தகத்தில் படித்து வெறுத்தவர்கள் உண்டு. இவருக்கோ அது வீட்டுக்குள் நுழைந்து சொத்தை எடுத்துக்கொண்டு போன விஷயம். மறு ஆண்டில், பழைய மகா மந்திரி கௌனிட்ஸின் பேத்தி எலியனோராவை மணந்ததன் மூலம் வியன்னாவின் உயர்ந்த வீடுகளின் கதவுகள் அவருக்குத் திறந்தன. டிரெஸ்டன், பெர்லின், 1806-ல் பாரிஸ் என்று தூதர் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பாரிஸில் மூன்று ஆண்டுகள் நெப்போலியனை அருகிலிருந்து கவனித்தவர், அவன் பலத்தைச் சரியாக அளந்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால், பிரெஞ்சுச் சேனை ஸ்பெயினில் சிக்கிக் கிடக்கிறது, இப்போது தாக்கினால் ஜயம் கிட்டும் என்று எழுதி, 1809-ஆம் வருஷத்து யுத்தத்துக்குத் தூபம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த யுத்தத்தின் முடிவு ஜூலை மாதம் வாக்ராம் களத்தில் தெரிந்துவிட்டது. அக்டோபரில் ஷோன்ப்ருன் அரண்மனையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆஸ்திரியா ஏறக்குறைய 35 லட்சம் பிரஜைகளையும் கடலுக்குப் போகும் வழியையும் இழந்தது. எட்டரைக் கோடி பிராங்கு தண்டம் கட்டவும், 1,50,000 பேருக்கு மேல் சேனை வைத்துக்கொள்ளாதிருக்கவும் இசைந்தது. இந்த நாசத்தின் நடுவில்தான் பிரான்ஸிஸ் சக்கரவர்த்தி 36 வயது மெட்டர்னிக்கை அந்நிய விவகார மந்திரியாக நியமித்தார். யுத்தம் வேண்டுமென்று எழுதியவர், அந்த யுத்தத்தில் தோற்றதன் பயனாகவே பதவிக்கு வந்தார். சரித்திரத்துக்கு இப்படிப்பட்ட குறும்புகள் உண்டு.

புதிய மந்திரியின் கையில் படை இல்லை, பணமும் இல்லை. 1811-ல் காகித நாணயத்தின் மதிப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைத்து, அரசாங்கமே திவாலைப் பிரகடனம் செய்ய நேர்ந்தது. எஞ்சியிருந்தது காலம் ஒன்றுதான். நொடித்துப்போன வியாபாரி கடன் கொடுத்தவனிடம் தவணை வாங்குவதைப் போல, மெட்டர்னிக் நெப்போலியனிடம் தவணை வாங்கினார். அதற்கு வட்டியாகச் சக்கரவர்த்தியின் மகளையே கொடுத்தார். 1810-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பதினெட்டு வயது மரியா லூயிஸா, தன் தகப்பனாரைப் பலமுறை போரில் முறியடித்தவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பாரிஸுக்குப் போனாள். இரண்டு ஆண்டு கழித்து ருஷியாவின் மேல் படையெடுத்த நெப்போலியனுக்குத் துணையாக, ஷ்வார்ட்ஸன்பெர்க் தலைமையில் முப்பதினாயிரம் ஆஸ்திரியப் போர்வீரர்கள் சென்றார்கள். அவர்கள் மனம் வைத்துப் போர் புரியமாட்டார்கள் என்ற சமாசாரம் அதே சமயத்தில் ரகசியமாக ருஷியாவுக்கும் போயிற்று. இதை வஞ்சகம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால், காலமறிதல் என்று ஓர் அதிகாரத்தையே அரசியலுக்குள் வகுத்து வைத்த வள்ளுவரைப் படித்த நமக்கு, பலமில்லாத அரசின் மந்திரி பகையை மறைத்துக்கொண்டு பொழுதுக்குக் காத்திருப்பது புதிய சங்கதியல்ல.

அந்தப் பொழுது 1813-ல் வந்தது. ருஷியப் பனியில் சேனையை இழந்து திரும்பிய நெப்போலியன், புதிய படை திரட்டிக்கொண்டு ஜெர்மனியில் ருஷியரையும் பிரஷியரையும் எதிர்த்து நின்றான். ஜூன் மாதத்தில் இரு தரப்பாரும் தற்காலிகமாகப் போரை நிறுத்தினார்கள். ஆஸ்திரியா எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வெல்லும் என்பது அப்போது எல்லாருக்கும் தெரியும். அவசரக்காரராயின் உடனே நேசநாடுகளோடு சேர்ந்திருப்பார். மெட்டர்னிக்கோ மத்தியஸ்தர் என்ற பெயரை மேற்கொண்டு, வார்ஸா ராஜ்யத்தைக் கலைக்க வேண்டும், இல்லிரிய மாகாணங்களை ஆஸ்திரியாவுக்குத் திருப்பித் தர வேண்டும், பிரஷியாவைப் பெருக்க வேண்டும், ஹாம்பர்க் முதலிய நகரங்களை விட்டுவிட வேண்டும் என்று சில நிபந்தனைகளை வகுத்தார். நியாயபுத்தியுள்ள எவனும் ஏற்கத் தக்கவை அவை. நெப்போலியனின் கர்வத்துக்கு மட்டும் ஏற்காதவை. அவன் மறுப்பானாயின் யுத்தத்தின் பழி அவன் தலையில் விழும். அதற்குள் ஆஸ்திரியச் சேனையும் ஆயத்தமாகிவிடும்.

ஜூன் 26-ஆம் தேதி டிரெஸ்டன் நகரத்து மார்க்கோலினி மாளிகையில் இருவரும் தனியே சந்தித்தார்கள். பல மணி நேரம் நடந்த அந்தப் பேச்சில், நெப்போலியன் கோபாவேசத்தில் தன் தொப்பியை மூலையில் வீசினான் என்றும், முன்பெல்லாம் அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்திருக்கக் கூடிய ஆஸ்திரிய மந்திரி இந்தத் தடவை அசையாமல் நின்றார் என்றும், கடைசியில் அவனே அதை எடுத்துக்கொண்டான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அறைக்குள் மூன்றாம் மனிதர் இருக்கவில்லை. கதையைச் சொல்லியவர் மெட்டர்னிக். தம்மைப் பற்றி அடக்கமாக எழுதும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆகவே, தொப்பியை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். சந்தேகமில்லாத விஷயம் என்னவென்றால், ஆகஸ்டு 12-ஆம் தேதி ஆஸ்திரியா யுத்தப் பிரகடனம் செய்தது. அக்டோபரில் லைப்ஸிக் களத்தில் நான்கு நாள் நடந்த பெரும் போரில் நெப்போலியனின் ஜெர்மன் ஆதிபத்தியம் ஒழிந்தது. மெட்டர்னிக்கைச் சக்கரவர்த்தி 'பிரின்ஸ்' பட்டத்துக்கு உயர்த்தினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தண்டம் கட்டிய தேசம் நேசநாடுகளின் தலைமைச் சேனாபதியை அளித்தது. ருஷியாவின் மேல் படை நடத்திப் போன அதே ஷ்வார்ட்ஸன்பெர்க்தான் அந்தச் சேனாபதி.

அடுத்து வியன்னா மகாநாடு. 1814 இலையுதிர் காலத்தில் கூடிய அந்த மகாநாட்டைப் பற்றி விருந்துகள், நடனங்கள், காதல் விவகாரங்கள் என்று ஏராளமான கதைகள் இருக்கின்றன. மெட்டர்னிக்கே அவற்றில் பலவற்றின் நாயகர். அவற்றை விட்டுவிடுகிறேன். காரியம் நடந்தது சிறு அறைகளில், நாலைந்து வல்லரசுகளின் பிரதிநிதிகளுக்கிடையே: இங்கிலாந்துக்குக் காஸில்ரே, பிரஷியாவுக்கு ஹார்டன்பெர்க், தோற்றுப்போன பிரான்ஸுக்கு டாலிராண்ட், ருஷியாவுக்கு மட்டும் அலெக்ஸாண்டர் சக்கரவர்த்தி தாமே பேசினார். போலந்து முழுவதும் தமக்கு வேண்டும் என்றார் அலெக்ஸாண்டர். அதற்கு ஈடாகச் சாக்ஸனி முழுவதும் வேண்டும் என்றது பிரஷியா. நேற்றைய நேசர்கள் கைகலக்கும் நிலை வந்தபோது, 1815 ஜனவரி 3-ஆம் தேதி, ஆஸ்திரியாவும் இங்கிலாந்தும் பிரான்ஸும் ரகசிய உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. எந்தத் தேசத்தை அடக்குவதற்காக எல்லாரும் கூடினார்களோ அந்தத் தேசமே தராசின் தட்டில் ஒரு படிக்கல்லாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதை நான் மெட்டர்னிக்கின் வாழ்க்கையிலேயே உன்னதமான காரியமாக மதிக்கிறேன். போலந்தின் பெரும்பகுதி ருஷியாவுக்கும், சாக்ஸனியில் ஒரு பாகம் பிரஷியாவுக்கும் கிடைத்து வழக்கு தீர்ந்தது.

இங்கே நம்மைத் தொடும் ஒரு சிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1814 மே மாதத்துப் பாரிஸ் உடன்படிக்கையில், இந்தியாவில் பிரான்ஸ் இழந்த ஸ்தலங்களைத் திருப்பிக் கொடுப்பது என்றும், ஆனால் அங்கே கோட்டை கட்டக்கூடாது, காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்றும் ஷரத்துகள் இருந்தன. புதுச்சேரி 1816-லும் காரைக்கால் 1817-லும் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது இந்த ஏற்பாட்டினால்தான்.

மகாநாடு முடியுமுன்பே நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பிவிட்டான். மார்ச்சு 7-ஆம் தேதி விடியற்காலம் மூன்று மணி வரையில் ஆலோசனையில் இருந்துவிட்டு, எழுப்பக்கூடாதென்று வேலைக்காரனிடம் சொல்லிப் படுத்த மெட்டர்னிக்கிடம், ஆறு மணிக்கு ஜெனோவாவிலிருந்து அவசரம் என்று குறித்த தபால் ஒன்று வந்தது. அதை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் பார்த்தார், தூக்கம் கலைந்துவிட்டது. ஏழரை மணிக்குப் பிரித்தால், தீவில் நெப்போலியனைக் காணவில்லை, அவன் ஜெனோவாவில் தென்பட்டானா என்று ஆங்கிலேயக் கமிஷனர் கேட்டுக்கொண்டு வந்தார் என்று ஆறு வரி. எட்டு மணிக்குள் தம் சக்கரவர்த்தியையும், எட்டே காலுக்கு ருஷியச் சக்கரவர்த்தியையும், எட்டரைக்குப் பிரஷிய மன்னரையும் கண்டு பேசினார். பத்து மணிக்கு மந்திரிகள் கூடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் யுத்தம் நிச்சயமாயிற்று என்று பெருமையோடு எழுதியிருக்கிறார். ஒன்றரை மணி தபாலைப் பிரிக்காமல் வைத்திருந்ததையும் அவரேதான் எழுதி வைத்தார். அந்த நேர்மைக்காக முன்சொன்ன தொப்பிக் கதையைக்கூட மன்னித்துவிடலாம். மகாநாட்டின் 121 ஷரத்துகள் கொண்ட இறுதிப் பத்திரம் ஜூன் 9-ஆம் தேதி, வாட்டர்லூ போருக்கு ஒன்பது நாள் முன்பு கையெழுத்தாயிற்று. இரண்டாந்தரம் தோற்ற பிரான்ஸின் மேல் 70 கோடி பிராங்கு தண்டமும், அந்நியப் படைகளின் காவலும் விதிக்கப்பட்டன. ஆனால், மூன்று ஆண்டில் அந்தப் படைகள் விலகின. 1818-ல் பிரான்ஸ் மற்ற வல்லரசுகளோடு சரியாசனம் பெற்றது. 1919-ல் வெர்ஸேல்ஸில் ஜெர்மனியை வாசலில் நிறுத்தி வைத்து எழுதிய சமாதானத்தின் கதியை அறிந்தவர்களுக்கு, இந்தத் தாராளத்தின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை தூரம் மெட்டர்னிக்கை மெச்சிக்கொண்டே வந்தவன் இனி வேறு சுருதியில் பேச வேண்டியிருக்கிறது. அலெக்ஸாண்டர் 1815 செப்டம்பரில் 'புனிதக் கூட்டுறவு' என்ற பக்திமயமான பத்திரம் ஒன்றைத் தயாரித்தபோது, ஜனங்கள் ஒருவருக்கொருவர் சகோதரர் என்ற கருத்து அதில் இருந்தது. மெட்டர்னிக் திருத்திய பிறகு மன்னர்கள் மட்டுமே சகோதரர்களாக எஞ்சினார்கள். பின்னால் வந்தது முழுவதும் அந்தத் திருத்தத்தில் அடக்கம். அரசுகளின் பேராசையை அளந்து, ஒன்றுக்கொன்று தடையாக நிறுத்தி, தோற்றவனுக்கும் இடங்கொடுக்கத் தெரிந்த அவருக்கு, ஜனங்கள் என்போர் ஒரு கட்சிக்காரராகவே தோன்றவில்லை, தொற்றுநோயாகத் தோன்றினார்கள். ஜெர்மானியர், செக்குகள், மாகியார்கள், போலிஷ்காரர், இத்தாலியர், குரோட்டுகள், ருமேனியர் என்று பல ஜாதியார் ஒரு குடையின்கீழ் இருந்த சாம்ராஜ்யத்தில், மொழிக்கொரு தேசம் என்ற எண்ணம் வேரூன்றினால் சாம்ராஜ்யமே இராது என்று அவர் கணக்கிட்டது பிழையென்று சொல்ல முடியாது. 1918 அதை நிரூபித்துவிட்டது. நோயை அறிந்தவர், அதற்குப் பத்தியம் ஒன்றையே மருந்தாக நம்பினார்.

1819 மார்ச்சில் கார்ல் ஸாண்ட் என்ற மாணவன், நாடகாசிரியர் கொட்ஸபூவை மான்ஹைமில் அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றான். ஒரு பித்தன் செய்த கொலையை மெட்டர்னிக் கைக்கெட்டிய சந்தர்ப்பமாக எடுத்துக்கொண்டார். அந்தக் கோடையில் ஜெர்மன் சமஸ்தான மந்திரிகளைக் கார்ல்ஸ்பாட் நீரூற்று நகரத்தில் கூட்டி, சர்வகலாசாலைகளுக்குக் கண்காணிப்பு அதிகாரி, சதிகளை விசாரிக்க மைன்ஸ் நகரத்தில் ஒரு கமிஷன், பத்திரிகைகளுக்குத் தணிக்கை என்று தீர்மானங்கள் செய்வித்தார். இருபது பாரத்துக்கு, அதாவது 320 பக்கத்துக்குக் குறைந்த எந்த வெளியீடும் முன்கூட்டித் தணிக்கைக்குப் போக வேண்டும் என்பது விதி. தடித்த புத்தகத்தை வாங்குபவன் கலகம் செய்யமாட்டான் என்ற நம்பிக்கை போலும்! ஆசிரியர்கள் புத்தகத்தைத் தடிக்க வைத்தார்கள். கவிஞர் ஹெர்வெக் 1843-ல் தாம் வெளியிட்ட தொகுதிக்கு 'ஸ்விட்ஸர்லாந்திலிருந்து இருபத்தொரு பாரம்' என்றே பெயரிட்டார். வியன்னாவிலோ தடித்த புத்தகத்துக்கும் விமோசனம் இல்லை; கிரில்பார்ட்ஸர் ஆஸ்திரிய ராஜவம்சத்தைப் புகழ்ந்து எழுதிய நாடகமே தணிக்கைக்காரரிடம் இரண்டு ஆண்டு கிடந்தது. புகழ்ச்சியையும் சந்தேகித்த சர்க்காருக்குக் கண்டனத்தைப் பகுத்தறியும் சக்தி எங்கிருந்து வரும்?

வெளியிலும் அப்படியே. 1820-ல் நேப்பிள்ஸில் புரட்சி மூண்டு அரசன் அரசியல் சட்டத்துக்கு இணங்கியபோது, புரட்சியால் ஆட்சி மாறிய நாட்டில் மற்ற வல்லரசுகள் தலையிடலாம் என்ற கொள்கையை டிராப்பௌ மகாநாட்டில் வகுத்து, மறு ஆண்டு ஆஸ்திரியப் படையை அங்கே நடத்தினார். இங்கிலாந்து ஒத்துக்கொள்ளவில்லை, காஸில்ரே 1822-ல் தற்கொலை செய்துகொண்ட பிறகு வந்த கானிங் மெட்டர்னிக்கின் பகிரங்க விரோதி. கிரேக்கருடைய சுதந்திரப் போரில் ருஷியாவே பிரிந்து போயிற்று. 1830-ல் பாரிஸில் மறுபடி புரட்சி; பெல்ஜியம் தனி ராஜ்யமாயிற்று. தவணை மேல் தவணையாக அவர் வாங்கிக்கொண்டேயிருந்தார். ஆனால், 1810-ல் வாங்கிய தவணைக்கு இருந்த நோக்கம் இதற்கு இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் சேனை வளர்ந்தது. இந்த முப்பது ஆண்டுகளில் எது வளர்ந்தது?

சீர்திருத்தம் அவர் புத்திக்கு எட்டாததல்ல. 1817-ல் மாகாணங்களின் இயல்புக்குத் தக்கபடி நிர்வாகத்தை மாற்றியமைக்க அவரே ஒரு யோசனை எழுதிக் கொடுத்தார், சக்கரவர்த்தி அதை மேஜையறைக்குள் போட்டுவிட்டார், மந்திரியும் வற்புறுத்தவில்லை. உள்நாட்டு விவகாரமும் பொக்கிஷமும் போட்டியாளரான கோலோவ்ராட் கையில் இருந்தன. ஐரோப்பாவைச் சில வேளை ஆண்டிருக்கிறேன், ஆஸ்திரியாவை ஒரு நாளும் ஆண்டதில்லை என்று பிற்காலத்தில் மெட்டர்னிக் சொல்லிக்கொண்டதில் உண்மை உண்டு. ஆனால் 38 ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர் சொல்லும்போது அது சமாதானமாகாது. 1835-ல் பிரான்ஸிஸ் இறக்கும்போது, எதையும் மாற்றாதே, எல்லாவற்றுக்கும் மெட்டர்னிக்கைக் கேள் என்று மகனுக்கு எழுதி வைத்துப் போனார். காக்காய்வலிப்பு நோயாளியும் நல்ல மனமுடையவருமான பெர்டினாண்ட் அந்த இரண்டு கட்டளைகளையும் பதின்மூன்று ஆண்டுகள் காப்பாற்றினார்.

1848 பிப்ரவரியில் பாரிஸில் லூயி பிலிப் முடிதுறந்த செய்தி வந்தவுடன், வியன்னாவில் ஜனங்கள் காகித நாணயத்தைக் கொடுத்து வெள்ளி கேட்டு வரிசையில் நின்றார்கள். மார்ச்சு 13-ஆம் தேதி மாணவரும் தொழிலாளரும் தெருவில் திரண்டார்கள், படை சுட்டது, சிலர் விழுந்தார்கள். மெட்டர்னிக்கைக் கைவிட்டால் போதும் என்று அரண்மனையில் இளவரசர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அன்றிரவு, எழுபத்துநான்கு வயது மந்திரி நீண்ட பிரசங்கத்துக்குப் பின் ராஜிநாமாச் செய்தார். மறுநாள் ராத்ஸ்சைல்டு வங்கியார் கொடுத்த கடனோடு ஊரை விட்டுப் புறப்பட்டு, ஹாலந்து வழியாக லண்டன் சேர்ந்தார். அங்கே, அவரைப் போலவே பதவியிழந்து வந்திருந்த பிரெஞ்சு மந்திரி கீஸோவிடம், பிழை என்பது ஒருபோதும் என் புத்தியை அணுகியதில்லை என்று அவர் சொன்னாராம். கீஸோ தம் விஷயத்தில் அவ்வளவு நிச்சயமாக இல்லை என்று பதில் சொல்லியிருக்கிறார்.

1851-ல் புதிய சக்கரவர்த்தியான இளைஞர் பிரான்ஸிஸ் ஜோஸப் அனுமதிக்க, வியன்னாவுக்குத் திரும்பினார். யோசனை கேட்க அவ்வப்போது வருவார்கள், அதன்படி நடக்கமாட்டார்கள். 1859 ஏப்ரலில் பீட்மாண்ட் ராஜ்யத்தோடு தகராறு முற்றியிருந்தபோது, எது செய்தாலும் இறுதி எச்சரிக்கை மட்டும் அனுப்ப வேண்டாம் என்று சக்கரவர்த்தியிடம் கிழவர் மன்றாடியதாகவும், அது நேற்றே போய்விட்டது என்று பதில் வந்ததாகவும் சொல்லுவார்கள். எண்பத்தைந்து வயதிலும் அவருடைய பழைய கண் கூர்மையாகவே இருந்தது என்பதற்கு அது ஒன்று போதும். ஏனென்றால், ஆஸ்திரியா முதலில் கை ஓங்கினால்தான் பிரான்ஸ் துணைக்கு வரும் என்று முந்திய ஆண்டு பிளாம்பியேரில் ரகசியமாகப் பேசி முடித்துக்கொண்டு, பீட்மாண்டின் டூரின் நகரத்தில் ஒரு மந்திரி காத்துக்கொண்டிருந்தார். டிரெஸ்டனில் மெட்டர்னிக் நெப்போலியனை எந்த மூலையில் நிறுத்தினாரோ, அதே மூலையில், அதே உபாயத்தால், காவூர் ஆஸ்திரியாவை நிறுத்திவிட்டார். ஜூன் 4-ஆம் தேதி மெஜெண்டாவில் ஆஸ்திரியச் சேனை தோற்றது. 11-ஆம் தேதி மெட்டர்னிக் இறந்தார். 24-ஆம் தேதி சோல்பெரினோ, லம்பார்டி போயிற்று.

காவூர் இந்த வித்தையை யாரிடம் கற்றார், அதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பது தனியே பேச வேண்டிய விஷயம். அடுத்த சொற்பொழிவை அதற்கு வைத்துக்கொள்வோம்.